உங்களுக்கு இல்லாததாங்க

எங்களை அவர் ஒருநாளும் 'வா', 'போ' என்று பேசியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவரை நான் திட்டப்போவது நிறைய இருக்கிறது. நியாயமில்லாமல் பேசுகிறாள் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுச் சொல்லிவிடக் கூடாது.

வலங்கைமானுக்குத் தெற்கே எங்கள் ஊர். அங்கே இருந்த கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு அவர் செயலாளர். சங்கம் என்று யாரும் சொல்வதில்லை, சொசைட்டி. அவர் சொசைட்டி ஐயா. பெயர் இல்லாமல் இல்லை, எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் அவருடைய பேரன் பேத்திகள் படித்துவிட்டு, தாத்தா பேர் அச்சில் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் கொடுக்க வேண்டும்?

ஆட்சி மாறி, டீக்கடைக்கு டீக்கடை கறுப்பு சிவப்புக் கொடி பறந்த காலம் அது. எங்கள் தெரு முனையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செங்கொடி. கூலித் தகராறு ஒரு பக்கம், குத்தகைத் தகராறு ஒரு பக்கம். போலீஸ் வேன் வந்து நிற்காத வாரம் இல்லை. எங்கள் தெரு ஆட்களை ஊருக்குள் யாரும் மரியாதையாகக் கூப்பிட மாட்டார்கள். தலை நரைத்த கிழவரைக்கூட மூக்கு ஒழுகுகிற பொடியன் 'வாடா' என்பான். அப்படிப்பட்ட ஊரில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் என் அப்பாவைப் பார்த்து எழுந்து நின்று, "வாங்க, வாங்க, உட்காருங்க" என்றார். அன்று அப்பா வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். "எந்திரிச்சி நின்னாருடி அந்த மனுசன்" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் அன்றைக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

அடுத்த தடவை நானும் அம்மாவும் அப்பாவோடு போனோம். நான் பத்தாவது முடித்துவிட்டு அம்மாவோடு நடவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். படிக்கத் தெரிந்தவள் என்று என்னைக் கூட்டிப்போவார்கள். அப்போதுதான் பார்த்தேன். "உட்காருங்க" என்கிறாரே தவிர, அந்த அறையில் அவருடைய நாற்காலியைத் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டு பெஞ்சு உண்டு. அவை உள்ளே உரக் கிடங்கில், யூரியா மூட்டைக்கு அடியில் கிடந்தன. அவர் உட்காருங்க என்று சொல்லிக்கொண்டே நம்மைப் பார்ப்பார். ஐயா இவ்வளவு சொல்கிறாரே என்று ஒவ்வொருவராகத் தரையில் குந்திவிடுவார்கள். அப்புறம்தான் அவர் தன் வேலையைப் பார்ப்பார். அம்மா மட்டும் குந்தவில்லை. "எதுலங்கய்யா உக்கார்றது?" என்று கேட்டாள். "அட, ஆமாங்களே. பெஞ்சு எடுத்துப் போடச் சொல்லணுங்க" என்று சிரித்தார். அந்தச் சொசைட்டியை இடித்துப் புதிதாகக் கட்டுகிற வரைக்கும் பெஞ்சு வெளியே வரவில்லை.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி சாப்பிடுங்க" என்று உபசரிப்பார். ப்யூன் செம்போடு வருவான். நாம் இரண்டு கையையும் குவித்துக் குனிய வேண்டும், அவன் உயர இருந்து ஊற்றுவான். டம்ளர் மேஜை மேலேயே இருக்கும். அவர் அதைப் பார்க்கவே மாட்டார். ஊற்றி முடிக்கிற வரைக்கும் "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்பாவுக்கு வேண்டியிருந்தது குறுவைக்குப் பயிர்க்கடன். மிராசுதாரின் நாலு மா நிலத்தை அப்பாவும் அவருக்கு முன்னால் தாத்தாவும் குத்தகைக்குச் செய்து வந்தார்கள். செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் மனு எழுதி, தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்து, அப்பாவின் பெயரைக் குத்தகைதாரராகப் பதிவு செய்ய வைத்திருந்தார்கள். பதிவு இருக்கிற வரைக்கும் மிராசுதார் அந்த நிலத்தை விட்டு அப்பாவை அசைக்க முடியாது. ஆனால் விதைக்கும் உரத்துக்கும் உழவுக்கும் அதுவரை பணம் கொடுத்து வந்தவரே மிராசுதார்தான். பதிவு ஆனதும் கையை இறுக்கிக்கொண்டார். குத்தகையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக்கொடு, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பண்ணையாளாக இருந்து செய் என்று ஆள் விட்டார். சொசைட்டி கடன் கிடைத்தால் நிலம் தங்கும். கிடைக்காவிட்டால் போகும். இவ்வளவுதான் கதை, இது சொசைட்டி ஐயாவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். மிராசுதார் அந்தச் சொசைட்டியில் இயக்குநர்.

அவர் முடியாது என்று சொல்லவே மாட்டார். அந்த வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "உங்களுக்கு இல்லாததாங்க?" என்பார். "இந்தச் சொசைட்டியே உங்களுக்குத்தானேங்க?" என்பார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "ஒரே ஒரு விஷயம்தாங்க பாக்கி" என்பார். அந்த ஒரு விஷயம் முதலில் ஊர் நிலக் கணக்கு எழுதுகிற கர்ணத்திடம் சிட்டா நகல். கர்ணத்தின் வீட்டு வாசலில் தவம் கிடந்து அதை வாங்கிக்கொண்டு போனால், ஜாமீன் கையெழுத்து. ஜாமீனுக்கு ஆளைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த ஆளுக்குப் பழைய பாக்கி. வேறு ஆளோடு போனால், "அடடா, நேத்து வந்திருக்கக் கூடாதாங்க? இன்னைக்கு மீட்டிங்காச்சே" என்பார். அப்பா ஒவ்வொரு தடவையும் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்பி வருவார். யார் மேல் கோபப்படுவது? முகத்தில் அடித்த மாதிரி பேசினால் நாமும் பேசலாம். இவர் வாசல் வரை வந்து வழியனுப்புவார்.

ஒருநாள் அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். செங்கொடிச் சங்கம் நடத்திய ராப்பள்ளியில் கற்றுக்கொண்ட கையெழுத்து. நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து பார்த்தார். சொசைட்டி ஐயா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அருமைங்க, முத்து முத்தா இருக்குங்க" என்று பாராட்டினார். "ஆனா பாருங்க, உறுப்பினர் பதிவுல உங்க கைநாட்டுத்தான் இருக்கு. ரெண்டும் ஒத்துவரணுமில்லீங்களா?" என்று மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். அப்பா கட்டைவிரலை நீட்டினார். அவரே விரலைப் பிடித்து உருட்டி, துடைத்துக்கொள்ளத் துணியும் கொடுத்தார். அன்றிலிருந்து என் அப்பா ராப்பள்ளிக்குப் போகவில்லை. அவரை ஒருவன் அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

மேட்டூர் தண்ணீர் வந்துவிட்டது. இருந்த விதையை வைத்து நாற்றங்கால் விட்டிருந்தோம், நாற்றும் வளர்ந்துவிட்டது. உழுது சேறடிக்கக் காசில்லாமல் வயல் தரிசாகக் கிடந்தது. அவருக்கு மதகடியில் சொந்த நிலம் இருந்தது. அங்கே உழவு முடிந்து, வரப்பு வெட்டி, கண்ணாடி மாதிரி தண்ணீர் நின்றது. எங்கள் ஊரில் நடவு பெண்கள் வேலை. ஆட்களைத் திரட்டி, இன்றைக்கு இந்த வயல், நாளைக்கு அந்த வயல் என்று முறை வைப்பது அம்மா. அவள் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

அவர் வழக்கம் போல எங்கள் தெரு முனையில் வந்து நின்று, "நடவுக்கு வரணுங்க" என்று அழைத்தார். அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "உங்களுக்கு இல்லாததாங்கய்யா? நாளைக்கி வந்துடுறோம்" என்றாள். மறுநாள் நாங்கள் வேறொருவர் வயலில் நட்டோம். அவர் வரப்போரம் வந்து நின்றார். "ஒரே ஒரு வயலுதாங்கய்யா பாக்கி, முடிச்சிட்டு வந்துடுறோம்" என்றாள். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, குனிந்த தலை நிமிராமல் நட்டோம். அப்புறம் ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி வீட்டில் சடங்கு, அடடா நேற்று வந்திருக்கக் கூடாதா என்று ஒரு நாள். எதற்கும் அவருக்குப் பதில் பேச வழியில்லை. அவருக்கு மரியாதை குறைவாக நாங்கள் ஒரு சொல் சொல்லவில்லையே.

குறுவை நாற்றை நாள் கணக்குத் தவறாமல் நட வேண்டும். விட்டால் நாற்றங்காலிலேயே முற்றிக் கணு விட்டுவிடும், பிறகு நட்டாலும் தூர் கட்டாது. அவர் பயந்துபோய் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஆட்களை அழைத்து வந்தார். வெளியூர் ஆட்கள் இறங்கினால் அந்த நாளில் வெட்டுக்குத்தே நடக்கும். அம்மா தனியாகத்தான் போனாள். கரையேறி வந்த பெண்களிடம் வெற்றிலை கொடுத்து, வயல் யாருடையது, நாங்கள் ஏன் இறங்கவில்லை என்று சொன்னாள். அவர்களில் மூத்தவள் கேட்டுவிட்டு, "எங்கூருலயும் ஒண்ணு இதே மாதிரி குந்தியிருக்குக்கா" என்றாளாம். வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு, "கஞ்சி குடிச்சிட்டு வர்றோங்கய்யா" என்று அவரிடம் சொல்லிவிட்டு எல்லாரும் அக்கரைக்குப் போய்விட்டார்கள். பொழுது சாயும் வரை அவர் குடையோடு வரப்பில் நின்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு ருசியான மாலை எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். கையில் சீட்டு. அப்பாவின் பெயர், கடன் அனுமதி, உரம் இத்தனை மூட்டை, திங்கட்கிழமை வந்து பெற்றுக்கொள்ளவும், கீழே அவர் கையெழுத்து, சொசைட்டி முத்திரை. நான் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்துக்காட்டினேன். அப்பா வீட்டுக்குள்ளேயே இருந்தார், வெளியே வரவில்லை. உடம்பு முடியவில்லை என்று நினைத்தோம். அம்மா சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அன்றைக்கே ஆட்களை அழைத்துப் போனாள். சொன்ன வாக்கு என்று, முற்றின நாற்றாக இருந்தாலும் வரிசை பிசகாமல், வளைத்து வளைத்து, சொந்த வயல் மாதிரி நட்டோம். குலவைகூடப் போட்டோம்.

திங்கட்கிழமை நானும் அம்மாவும் போனோம். வாங்க, உட்காருங்க, தண்ணி சாப்பிடுங்க எல்லாம் நடந்தது. அம்மா சீட்டை நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை.

"இந்தக் கடன் குத்தகைதாரருக்குத்தாங்க. உங்க வீட்டுக்காரர் பேர்ல இப்ப குத்தகை இல்லீங்களே. விட்டுட்டேன்னு அவரே மிராசுதாருக்கு எழுதிக் குடுத்திருக்காரே. அது போன வாரமே இங்க வந்துடுச்சுங்களே."

காகிதத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார். "அழகா கையெழுத்தே போட்டிருக்காருங்க" என்றார்.

முத்து முத்தாக இருந்தது. என் அப்பா வாழ்நாளில் போட்ட கையெழுத்து செல்லுபடியான ஒரே பத்திரம் அதுதான். நாற்று முற்றுவதைப் பார்த்துப் பார்த்து மனம் விட்டு, அம்மாவிடம் சொல்லத் துணிச்சலில்லாமல், தனியாகப் போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கட்டிய புருஷன் நிலத்தை விட்டுக் கொடுத்ததை அம்மா இந்த மனிதர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"போன வாரமே வந்துச்சுன்னா, முந்தாநாளு எங்களுக்கு ஏங்கய்யா சீட்டுக் குடுத்தீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"நீங்க கேட்டது சீட்டுங்க. குடுத்தேன். உங்களுக்கு நான் எதையாச்சும் இல்லைன்னு சொல்லியிருக்கேனுங்களா?"

கிண்டலாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே கேட்டார். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அப்பாவை அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பழைய வயலுக்கே பண்ணையாளாகப் போனார். அப்பாவை நான் என்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். அந்த மனிதரைக் கும்பிட்டுக் கும்பிட்டுத் தேய்ந்துபோயிருந்தார்.

தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்தது. நட்டதைப் பிடுங்கி எறிவோம் என்று இளசுகள் கிளம்பினார்கள். அம்மா மறித்தாள். நட்ட கையால் பிடுங்கக் கூடாது, பயிர் ஒரு பாவமும் செய்யவில்லை என்றாள். எனக்கு அவள் மேல் ஆத்திரம் வந்தது. அவள் வேறு கணக்கு வைத்திருந்தாள் என்பது புரட்டாசியில்தான் தெரிந்தது.

தூர் குறைந்தாலும் அவர் வயல் சுமாராக விளைந்து பழுத்து நின்றது. ஐப்பசி மழைக்கு முன் அறுத்தாக வேண்டும். அந்த நாளைய குறுவை நெல் மழையில் சாய்ந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். அறுப்புக்கு ஆள் கேட்டு வந்தார். "வந்துடுறோங்கய்யா" என்றாள் அம்மா. இந்தத் தடவை எங்கள் தெரு ஆண்களும் சேர்ந்து வந்துடுறோங்கய்யா என்றார்கள். அக்கரையிலும் வந்துடுறோங்கய்யா என்றார்கள். மிராசுதாரே சொல்லிப் பார்த்தார், அவர் வயலை அறுத்துக் கொடுத்தோமே தவிர இவர் வயல் பக்கம் ஒரு அரிவாள் திரும்பவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் தினமும் வந்தார், கூலியைக் கூட்டினார், எங்கள் தெருச் சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க' என்று அழைத்தார். நாங்களும் ஒருநாளும் மாட்டோம் என்று சொல்லவில்லை.

மழை பிடித்து அடித்தது. விட்டபோது நான் போய்ப் பார்த்தேன். பயிர் பாய் விரித்த மாதிரி சாய்ந்து, கதிர் தண்ணீரில் கிடந்து, ஒவ்வொரு மணியும் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அவர் வரப்பில் குந்தியிருந்தார். உட்காருங்க என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, தானாகவே குந்தியிருந்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், இப்போது எழுதும்போதும் குளிர்கிறது.

அம்மாவுக்குக் குளிரவில்லை. நாங்கள் வேதக்காரர்கள்; சோற்றை அழித்துவிட்டோம் என்று மாதா கோயிலில் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். அவருக்கு இழைத்ததைச் சொல்லவில்லை, நெல்லுக்கு இழைத்ததைச் சொன்னாளாம். சாகிற வரைக்கும் ஒவ்வொரு ஐப்பசிக்கும் அதைச் சொல்லிப் புலம்புவாள். பகைவரை மன்னியுங்கள் என்று சாமியார் பிரசங்கம் வைக்கும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே வந்து நின்றுவிடுவேன்.

பிறகு எனக்கு நர்ஸ் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, ஊரோடு தொடர்பு விட்டுப் போயிற்று. ஆனால் அந்த மனிதரை எங்கேயாவது பார்த்தால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். ஊசி போடும்போதுகூடச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். உங்களால்தான் எங்கள் நிலம் போயிற்று, உங்களால்தான் என் அப்பா தன் கையெழுத்தை வெறுத்தார், அதற்காகத்தான் உங்கள் நெல்லை முளைக்க விட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

பார்த்தேன். திருவாரூர் பஸ் ஸ்டாண்டில். கண்ணில் புரை, கையில் தடி. யாரிடமோ பஸ் விசாரித்த என் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டு, தடுமாறி எழுந்து நின்று, "வாங்க, நல்லா இருக்கீங்களா? அம்மா சவுக்கியமா?" என்று விசாரித்தார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதைச் சொன்னேன். நிஜமாகவே வருத்தப்பட்டார். பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் நின்றுகொண்டேன்.

"உங்கள ஒண்ணு கேக்கணுங்க" என்றார். "அந்த வருசம் எல்லாருமா சேந்து என் வயலை அறுக்க வராம விட்டுட்டீங்க. நானும் எத்தனையோ ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்துட்டேன். உங்க ஆளுங்களை நான் ஒருநாளும் மரியாதைக் குறைவா பேசினதில்லை. யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணினதில்லை. எதுக்காக அப்படிப் பண்ணினீங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலைங்க. நீங்களாச்சும் சொல்லுங்க."

நடிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. எத்தனையோ வருஷமாக நான் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்ததை அவரே கையேந்திக் கேட்கிறார். சொல்வதற்கு வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் என் பஸ் வந்தது. பஸ் நின்றது, கண்டக்டர் காத்திருந்தார், சொல்லிவிட்டு ஏற நேரம் இருந்தது. "எனக்கும் தெரியலைங்களே ஐயா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

அடுத்த கோடையில் அவர் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். கடைசிப் படுக்கையிலும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதையே கேட்டுக்கொண்டிருந்தாராம். சொல்லியிருக்கலாமே என்று என் வீட்டுக்காரர்கூட என்னைக் கடிந்துகொண்டார். சொல்லியிருந்தால் அவர் 'அடடா' என்று பதறி, இரண்டு கையும் கூப்பி என்னிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார். அவ்வளவு மரியாதைக்காரர். கேட்டுவிட்டு நிம்மதியாகச் செத்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.